இந்தக் கற்கள் ஏதென்று கேட்டால்

எங்கள் வீட்டில் இரவு எட்டரை மணி என்றால் குடும்ப ஜெபம். பாயை விரித்ததும் ஆச்சி ஒரு கீர்த்தனையை எடுத்துக்கொடுப்பாள். சுருதி அவளுடையது, நாங்கள் எட்டிப் பிடிக்க வேண்டும். அப்புறம் வேதபகுதி, ஆளுக்கொரு வசனமாகச் சுற்றில் வரும். எனக்கு எந்த வசனம் வரும் என்று விரல் விட்டு எண்ணி, அதில் வாயில் நுழையாத பெயர் எதுவும் இருந்துவிடக் கூடாதே என்று பயந்துகொண்டிருப்பதில் மற்றவர்கள் வாசித்தது எதுவும் காதில் ஏறாது. கடைசியாக அப்பா ஜெபம் பண்ணுவார். பம்பாயில் இருக்கும் சித்தப்பாவில் தொடங்கி, சினையாக இருக்கும் மாடு வரை பட்டியல் நீளும். நடுவில் "ஆண்டவரே, இந்தப் பையனுக்குக் கணக்குப் பாடத்தில் ஞானத்தைக் கட்டளையிடும்" என்று வரும். அதில் பாதி ஆண்டவருக்கு, பாதி எனக்கு. தூங்கிப்போன தங்கையைக் கிள்ளி ஆமென் சொல்ல வைத்த பிறகுதான் சோறு.

அது அலுப்பாகத்தான் இருந்தது, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விசுவாசமே இல்லை" என்று சபையில் பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாய்தான் ஞாபகம் வருகிறது. போன், டியூஷன், இரவு வேலை என்று காரணங்களை அடுக்குகிறார்கள். இருக்கலாம். அதற்கு முன்பே ஒன்று விட்டுப்போயிருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. அத்தனை வருடத்தில் அந்தப் பாயில் உட்கார்ந்து நாங்கள் ஒருவரும் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

வேதாகமத்தில் இந்த விஷயம் கேள்வியில்தான் தொடங்குகிறது. எகிப்தைவிட்டுப் புறப்படும் இரவில் ஆட்டுக்குட்டியை அடித்து, அதன் இரத்தத்தைக் கதவு நிலையில் பூசச் சொல்லும் யாத்திராகமம் 12ஆம் அதிகாரம், உடனே அடுத்த தலைமுறைக்குத் தாவுகிறது: "இந்த ஆராதனையின் கருத்து என்ன" என்று உங்கள் பிள்ளைகள் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள். யோர்தானைக் கடந்ததும் ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்து வரச் சொன்னதற்கும் அதே காரணம்தான். நாளைக்கு ஒரு பிள்ளை "இந்தக் கற்கள் ஏது" என்று கேட்கும், அப்போது கதை சொல்லலாம். இன்றும் யூதர் வீடுகளில் பஸ்கா விருந்தன்று, மேஜையில் இருப்பவர்களில் சின்னவன் கேள்வி கேட்ட பிறகுதான் கதை ஆரம்பிக்கிறது. உபாகமம் 6ஆம் அதிகாரம் இன்னும் வெளிப்படை. வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும் பேசு என்கிறது. வகுப்பறை, ஆசிரியர், தேர்வு எதைப் பற்றியும் அங்கே பேச்சில்லை. கண்ணில் படும்படி ஒரு பொருளை வை, ஒரு பழக்கத்தை வை, பிள்ளை கேட்கும், கேட்கும்போது சொல். ஏற்பாடு அவ்வளவுதான்.

தமிழ்க் கரைக்கு வந்து சேர்ந்தபோது இந்த ஏற்பாடு தலைகீழாகியிருந்தது. கேள்வி கேட்பவர் பெரியவர், பதில் சொல்பவர் பிள்ளை. அதன் பெயர் ஞானோபதேசம்.

1542இல் யேசு சபைத் துறவி பிரான்சிஸ் சவேரியார், தூத்துக்குடியை ஒட்டிய முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்தார். அதற்குச் சில வருடங்களுக்கு முன்புதான் அந்தக் கடற்கரைப் பரதவர்கள் கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். போதிக்கத்தான் ஆளில்லை. சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் அறிந்தவர்களை வைத்துச் செபங்களைத் தமிழில் பெயர்த்து, அவற்றைத் தானே மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியை ஆட்டியபடி தெருத் தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். இங்கே கற்றதை வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனுக்கும் அக்கம்பக்கத்துக்கும் சொல்லிக்கொடுங்கள் என்பது அவர் போட்ட ஒழுங்கு. ஆக, நம் ஊரில் விசுவாசம் முதலில் பிள்ளையிடமிருந்து பெற்றோருக்குத்தான் போனது. அதில் கசப்பான பகுதியும் உண்டு. வீட்டில் பழைய சிலை வழிபாடு நடந்தால் பிள்ளைகள் ஓடிவந்து தன்னிடம் சொன்னதையும், அவர்களே சிலைகளை உடைத்ததையும் அவர் மகிழ்ச்சியோடு கடிதத்தில் எழுதியிருக்கிறார். பெற்றோருக்கு எதிராகப் பிள்ளையைத் திருப்பும் அந்த உற்சாகத்தை இன்று வாசிக்கும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அந்தக் கடிதங்களில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. விசுவாசப் பிரமாணத்தின் தமிழாக்கத்தில் ஒரு பிழை நேர்ந்திருந்ததை 1544இல் கண்டுபிடித்துத் தன் உடனுழைப்பாளரான மன்சிலாசுக்கு எழுதுகிறார். "விசுவசிக்கிறேன்" என்று வர வேண்டிய இடத்தில் "வேணும்" என்று இருந்துவிட்டதாம். திருத்தும் வரை அத்தனை பிள்ளைகளும் கடவுள் "வேணும்" என்று ஒப்பித்திருக்கிறார்கள். இறையியல்படி பிழைதான். ஆனால் ஒரு ஆறு வயதுப் பிள்ளைக்கு இரண்டில் எது புரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதன் பிறகு வந்தவர் போர்த்துக்கீசிய யேசு சபைத் துறவி அண்டிரிக் அடிகளார். 1578இல் கொல்லத்தில் அச்சான 16 பக்கத் "தம்பிரான் வணக்கம்" ஓர் உபதேசப் புத்தகம். அடுத்த ஆண்டு கொச்சியில் வந்த "கிரீசித்தியானி வணக்கம்" குருவும் சீடனும் கேள்வி பதிலாகப் பேசுவது. தமிழ் எழுத்து அச்சேறியதே விசுவாசத்தைச் சொல்லிக்கொடுப்பதற்காகத்தான் என்று சொன்னால் மிகையில்லை. பின்னாளில் கத்தோலிக்க வீடுகளில் "சின்னக் குறிப்பிடம்" என்று தலைமுறை தலைமுறையாக ஒப்பிக்கப்பட்ட வினாவிடையும் இந்த வழியில் வந்ததே. மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டுவது, பதில் தப்பினால் காதைத் திருகுவது எல்லாம் கோவில் பணியாளரான கோவில்பிள்ளையின் பொறுப்பு.

1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க், புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லுத்தரின் சிறிய ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார். இதில் எனக்குப் பிடித்த விவரம் வேறு. போதிக்க வந்த மனிதர் முதலில் ஒரு வயதான வாத்தியாரின் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதித் தமிழ் படித்தார். லுத்தர் 1529இல் அந்தச் சிறு நூலை எழுதியதும் பள்ளிக்கூடத்தை நினைத்து அல்ல. அதற்கு முந்தைய வருடம் சாக்சனி கிராமச் சபைகளைப் பார்வையிடப் போனவர், ஜனங்களுக்குக் கர்த்தருடைய ஜெபம்கூடத் தெரியவில்லையே என்று நொந்துபோனார். அதனால் ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும், குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்கு எளிமையாகக் கற்பிக்க வேண்டிய விதம் இது என்று போட்டார். உள்ளே திரும்பத் திரும்ப வரும் கேள்வி "இது என்ன?" என்பது. எதைக் கண்டாலும் விரல் நீட்டி மூன்று வயதுக் குழந்தை கேட்கும் அதே கேள்வி. லுத்தர் அறிந்தேதான் அதை வைத்திருப்பார் என்பது என் ஊகம். அவர் வீட்டில் குழந்தைகளுக்குக் குறைவில்லை.

ஆனால் வழக்கத்தில், "இது என்ன?" என்று கேட்கும் வேலையைப் பிள்ளையிடமிருந்து உபதேசியார் எடுத்துக்கொண்டுவிட்டார்.

ஓய்வுநாள் பள்ளி வந்த கதையும் ஏறக்குறைய இதுவே. 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரேக்ஸ் அதை நடத்தத் தொடங்கியது, வாரத்தில் ஆறு நாளும் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்காக. அவர்களுக்கு எழுத்து வாசிப்புச் சொல்லிக்கொடுப்பதே முதல் நோக்கம். ஞாயிறு மட்டுமே ஓய்வு, அதனால் ஞாயிற்றுப் பள்ளி. வீட்டில் யாருக்கும் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி. இந்திய ஓய்வுநாள் பள்ளிச் சங்கம் 1876இல் உருவாயிற்று. நம் ஊர்களில் அது வேரூன்றிய விதத்தைச் சொல்லவே வேண்டாம். மனப்பாட வசனம், வசனப் போட்டி, வருடத் தேர்வு, பரிசாகச் சோப்புப் பெட்டி. கிறிஸ்துமஸ் நாடகத்தில் தலையில் துண்டு கட்டினால் மேய்ப்பன், ஜிகினா ஒட்டினால் தேவதூதன். கோடை விடுமுறையில் விபிஎஸ் என்னும் விடுமுறை வேதாகமப் பள்ளி. இவை எனக்குக் கொடுத்ததை நான் குறைத்துப் பேச மாட்டேன். 23ஆம் சங்கீதம் இன்றும் நடு ராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் வரும்.

சிக்கல் வேறு இடத்தில். படித்த பெற்றோர், அலமாரி நிறைய வேதாகமம் வைத்திருப்பவர்கள், எழுதப் படிக்கத் தெரியாத குளோஸ்டர் குடும்பங்களுக்காக உண்டான ஏற்பாட்டில் பிள்ளையை விட்டுவிட்டு, வாரம் ஒரு மணி நேரத்தில் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டார்கள். நீச்சல் வகுப்புக்கு அனுப்புவதைப் போல. வளர்ந்த பிள்ளையைச் சபையின் முழு அங்கத்தினராக ஏற்கும் திடப்படுத்தல் ஆனதும் பல பிள்ளைகளுக்கு அது பட்டமளிப்பு விழாவாக முடிந்துவிடுகிறது. வெள்ளை உடுப்பில் போட்டோ எடுத்து, முதல் இராப்போஜனம் வாங்கி, அத்தோடு சரி. கத்தோலிக்கப் பக்கம் முதல் நற்கருணையான புது நன்மையும், திடப்படுத்தலைப் போன்ற உறுதிபூசுதலும் இருக்கின்றன. அங்கே 1964இலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ஏட்டில் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்றும், பெற்றோரே பிள்ளைகளுக்கு முதல் மறைப்போதகர்கள் என்றும் எழுதிவைத்தார்கள். மறைக்கல்வி வகுப்பு முடிந்து பிள்ளையைக் கூட்டிப்போக வாசலில் பைக்கில் காத்திருக்கும் அப்பாமார்களிடம் அந்த வரி எந்த அளவுக்குப் போய்ச் சேர்ந்தது என்பது அவரவருக்கே தெரியும்.

மொழி இன்னொரு முடிச்சு. புராட்டஸ்டண்ட் வீடுகளில் இன்றும் வாசிக்கப்படுவது 1871இல் வெளிவந்த தமிழ் வேதாகமம். "அவன் முதிர்வயதிலும் அதை விடாதிருப்பான்" என்ற நடை எனக்கு ஆச்சியின் குரலில் கேட்கும், அதனால் இனிக்கும். ஆங்கில வழியில் படிக்கும் என் அக்கா மகனுக்கு அது இரண்டாவது அந்நிய மொழி. 1995இல் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து கொண்டுவந்த திருவிவிலியம் எளிய தமிழில்தான் இருக்கிறது. கத்தோலிக்கர்கள் எடுத்துக்கொண்டார்கள், நம்மவர்கள் பெரும்பாலும் பழையதை விடவில்லை. விளைவு என்னவென்றால், பையன் ஆங்கிலத்தில் ஜெபிக்கிறான், ஆச்சி தமிழில் ஜெபிக்கிறாள், இருவரும் ஒரே அறையில் இரண்டு ஆண்டவர்களிடம் பேசுவதைப் போல இருக்கிறது. பாட்டு மட்டும் கொஞ்சம் தப்பித்திருக்கிறது. கீர்த்தனையின் ராகம் பொருள் தெரியாமலே உள்ளே போய்விடும், பொருள் பத்து வருடம் கழித்து வரும்.

பாட்டு என்றதும் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் ஞாபகம் வருகிறார். 1774இல் திருநெல்வேலியில் பிறந்து, சிறுவயதிலேயே ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரோடு தஞ்சாவூருக்குப் போய் வளர்ந்தவர். தமிழ்க் கிறிஸ்தவப் பாட்டுக்கு அவர் அளவுக்குச் செய்தவர் குறைவு. ஆனால் அவரே ஆலயத்திலும் பந்தியிலும் சாதி வித்தியாசத்தை விடச் சொன்ன மிஷனரிகளை எதிர்த்து எழுதியவர். 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு அறவே கூடாது என்று ஆணையிட்டபோது தஞ்சையில் பெரிய பிளவே வந்தது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கத்தோலிக்கக் கோவிலில் இரண்டு சாதிக்கு இரண்டு நீண்ட மண்டபம், நடுவில் பிரிவு. அந்தத் தடுப்பை 1910இல்தான் இடித்தார்கள்.

பழங்கதையை இங்கே இழுப்பதற்குக் காரணம் உண்டு. சொல்லிக்கொடுப்பதை மட்டும்தான் பிள்ளை எடுத்துக்கொள்ளும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வசனத்தைப் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை கற்கிறது. மற்றதைச் சனிக்கிழமை மாலையில் கற்கிறது, கல்யாணப் பேச்சு நடக்கும்போது. "பையன் நல்ல விசுவாசிதான், ஆனா நம்ம ஆளுங்க இல்லையே." திருமண விளம்பரத்தில் "மறுபடியும் பிறந்த" என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயர். பதினாறு வயதுப் பெண் அதைக் கவனித்து, "கிறிஸ்துவுக்குள் யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லைன்னு மனப்பாடம் பண்ண வச்சீங்களே?" என்று கேட்டால் அதுதான் யாத்திராகமம் சொன்ன கேள்வி. பிள்ளை கடைசியில் கல்லைப் பார்த்துவிட்டது. நம்மில் பலர் அந்த இடத்தில் சொல்லும் பதில், "பெரியவங்க பேசும்போது உனக்கென்ன வாய்?" என்பதுதான். விசுவாசத்தை விட்டுப்போனதாகச் சொல்லும் இளைஞர்களோடு பேசினால், டார்வினைப் படித்து விட்டவர்களைவிட இந்த மாதிரி ஒரு சாயங்காலத்தில் விட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 2011 கணக்குப்படி 6.12 சதவீதம். கன்னியாகுமரி மாவட்டத்தில் கிட்டத்தட்ட பாதிப் பேர், வேறு மாவட்டங்கள் பலவற்றில் வகுப்பில் ஒன்றிரண்டு பிள்ளைகள். ஆகவே நம் பிள்ளைக்கு முதலில் வரும் இறையியல் கேள்வி திரித்துவத்தைப் பற்றியதாக இருக்காது. பக்கத்து வீட்டு அத்தை கொடுத்த சுண்டலைச் சாப்பிடலாமா என்பதாகத்தான் இருக்கும். ஆயுத பூஜைப் பொரி, தோழியின் பிறந்தநாளுக்குக் கோவிலிலிருந்து வந்த சர்க்கரைப் பொங்கல். இது சின்ன விஷயம் கிடையாது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் 8, 10 ஆகிய அதிகாரங்கள் இதே பந்தியைப் பற்றித்தான் பேசுகின்றன. அவருடைய பதிலும் ஒற்றைச் சொல்லில் இல்லை. விக்கிரகம் ஒன்றுமில்லை என்கிறார், பலவீனமான சகோதரனின் மனச்சாட்சியைப் பார் என்கிறார், கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடு என்கிறார், படைத்தது என்று ஒருவன் சொன்னால் அவன் நிமித்தம் விட்டுவிடு என்கிறார். ஒரு அப்பா இதைப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசினால் அரை மணி நேரம் ஆகும். "வேண்டாம்னு சொல்லு" என்று முடித்தால் இரண்டு நொடி. அந்த இரண்டு நொடியில் பிள்ளைக்குக் கிடைப்பது பக்கத்து வீட்டைப் பற்றிய ஒரு பயம்.

அப்பா என்று சும்மா சொல்லவில்லை. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் வெர்ன் பெங்ஸ்டன் என்ற சமூகவியலாளர் 1970இல் தொடங்கி 35 ஆண்டுகள், 350க்கும் மேற்பட்ட குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து ஆராய்ந்தார். பெற்றோரின் மதம் பிள்ளைகளிடம் நிலைப்பதற்குப் பெற்றோரின் ஒழுங்கான பக்தி மட்டும் போதவில்லை. பிள்ளைக்கும் பெற்றோருக்கும் இடையே இருந்த அன்பின் நெருக்கம், அதுவும் தகப்பனோடு இருந்த நெருக்கம், பெரிய வித்தியாசம் செய்தது. ஆலயம் தவறாத, ஆனால் தூரமாக, கடுமையாக இருந்த தகப்பன்களின் பிள்ளைகளிடம் அது அவ்வளவாக ஒட்டவில்லை. தாத்தா பாட்டியின் செல்வாக்கும் எதிர்பார்த்ததைவிட அதிகம் இருந்தது. அமெரிக்கக் குடும்பம் வேறு, நம் குடும்பம் வேறு, சரி. ஆனாலும் எபேசியர் 6ஆம் அதிகாரம் தாய்மார்களைக் கூப்பிடாமல் "பிதாக்களே" என்று கூப்பிட்டு, முதலில் "கோபப்படுத்தாமல்" என்றும் அப்புறம்தான் "போதனை" என்றும் வரிசைப்படுத்தியிருப்பது எனக்கு இப்போது கண்ணில் படுகிறது. பிரம்பைப் பற்றிய நீதிமொழியைத்தான் நம் ஊர் அப்பாமார் எல்லாரும் மனப்பாடமாக வைத்திருந்தார்கள்.

பாட்டிக்கு வேதத்திலேயே சாட்சி உண்டு. தன் சீடன் தீமோத்தேயுவின் விசுவாசம் முதலில் பாட்டி லோவிசாளிடமும் பிறகு தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்தது என்று பவுல் எழுதுகிறார். தகப்பன் கிரேக்கன். கலப்பு மணம் செய்த வீட்டில் பிள்ளை என்ன ஆகுமோ என்று அங்கலாய்ப்பவர்கள் இந்தக் குடும்பத்தை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

எல்லாம் சரியாகச் செய்தும் பிள்ளை விலகிப்போவதும் உண்டு. அப்போது சபையில் நாலு பேர் நீதிமொழிகள் 22:6ஐ நீட்டுவார்கள்: நடக்கவேண்டிய வழியில் நடத்தியிருந்தால் விடாதிருப்பானே, அப்படியானால் நீ நடத்தவில்லை. இது கொடுமை. நீதிமொழி என்பது பொதுவாக உலகம் எப்படி நடக்கிறது என்பதைச் சொல்வது, உத்தரவாதச் சீட்டு ஆகாது. சாமுவேலைவிட யார் நல்ல தீர்க்கதரிசி? அவருடைய மகன்கள் பரிதானம், அதாவது லஞ்சம், வாங்கினார்கள் என்று அதே வேதம் ஒளிக்காமல் எழுதியிருக்கிறது. சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) வீட்டுப் பையன் பெந்தெகொஸ்தே சபைக்குப் போய் முழுக்கு எடுத்ததற்கே "பிள்ளையை இழந்துட்டோம்" என்று அழுத குடும்பத்தையும் எனக்குத் தெரியும். அது எந்தக் கணக்கில் வரும் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்காமல், ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கும் பிள்ளைப் பிரதிஷ்டை மட்டும் செய்து, வயது வந்தபின் தானே முடிவெடுத்து ஞானஸ்நானம் பெறட்டும் என்று காத்திருக்கும் சபைகள், பிள்ளை ஒருநாள் தானாகக் கேட்க வேண்டும் என்பதையாவது ஒத்துக்கொள்கின்றன.

கேட்பதற்கான கற்கள் நம் வீடுகளில் இல்லாமலும் இல்லை. கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தி ஏற்றும்போது, இந்தக் கல்லில் எழுதியிருக்கும் பெயர் யார் என்று பிள்ளை கேட்கும். அசனப் பண்டிகைக்கு ஊரே ஒரே அண்டாச் சோற்றைச் சாப்பிடுவது ஏன் என்று கேட்கும். குருத்தோலை ஞாயிறன்று ஓலையை மடித்துச் செய்த சிலுவையைத் தாத்தா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருப்போம். கத்தோலிக்கக் கோவில்களில் அடுத்த தவக்காலத்துக்கு முன் அந்தப் பழைய ஓலைகளைத் திருப்பி வாங்கி எரித்து, அந்தச் சாம்பலைத்தான் திருநீற்றுப் புதனன்று நெற்றியில் பூசுகிறார்கள்.

என் மனைவி கத்தோலிக்கக் குடும்பம். போன தவக்காலத்தில் எங்கள் மகள் நெற்றியில் சாம்பலோடு படியேறி வரும்போது, கீழ் வீட்டுத் தாத்தாவும் திருநீறு பூசி வாசலில் நின்றிருந்தார். மேலே வந்ததும் கேட்டாள்: "அப்பா, அந்தத் தாத்தாவுக்கும் திருநீறு, எனக்கும் திருநீறு. ரெண்டும் ஒண்ணா?"

நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன்.